பட்டாளத்து ஞாயிறு

நவம்பர் 20, திங்கள்

இந்த டைரி செம்புக் கம்பிக் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்தது. இத்தனை மாதமும் மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. மேசை ஆடினால் ஆடட்டும் என்று இன்று உருவி எடுத்துவிட்டேன். காரணம் ஷீபா. நேற்று போனில், "ஒங்களுக்குப் பேச வரல்லன்னா எழுதுங்கோ. எனக்குக் காட்டாண்டாம், எழுதினாப் போதும்" என்றாள்.

எனக்குப் பேச வராதாம். கடைக்கு மோட்டார் தூக்கிக்கொண்டு வருகிறவன், என் வாய்க்குப் பயந்து வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டு ஓடுகிறான். போனில்தான் "சாப்பிட்டியா, குளிரா" என்பதற்கு மேல் நகர்வதில்லை. அது சிக்னல் கோளாறு.

விஷயத்தை எழுதிவிடுகிறேன். என் மனைவி மெர்லின் ஷீபா ராணுவத்தில் நர்ஸ். கேப்டன், தோளில் மூன்று நட்சத்திரம். இப்போது இமயமலையில், வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஓர் ஊரில், ராணுவ ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நான் ஞானசிங். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் புதுக் காயில் கட்டுகிறேன். மகள் அபிஷா ஐந்தாம் வகுப்பு.

ஷீபாவின் பணிக்காலம் மார்ச்சில் முடிகிறது. வீட்டுக்கு வந்துவிடலாம். இல்லையென்றால் இன்னும் நான்கு வருஷம் நீட்டிக்கலாம். எதுவானாலும் டிசம்பர் முடிவதற்குள் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டாள். "ஒனக்க இஷ்டம்" என்றேன். அதற்குத்தான் இந்தக் கோபம்.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை.

நவம்பர் 22, புதன்

அபிஷாவுக்குத் தலை பின்னிவிட்டு, தோசை சுட்டு, பள்ளி வண்டியில் ஏற்றினேன். காயில் கட்டுகிறவன் பின்னிய சடை சாயந்திரம் வரை அவிழாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துப் படித்துக்கொள்ளலாம்.

அடுப்படிச் சுவரில் புது அலமாரி அடித்தேன். ஷீபாவின் உயரத்துக்கு அளந்து அடித்தது. இதற்கும் மார்ச்சுக்கும் சம்பந்தமில்லை. பழையதில் கரையான்.

நவம்பர் 26, ஞாயிறு

ஆராதனை முடிவில், டிசம்பர் மூன்றாம் ஞாயிறு பட்டாளத்து ஞாயிறு என்று அறிவித்தார்கள்.

எங்கள் சபையில் வீட்டுக்கு வீடு ஒருவர் படையில் இருப்பார்கள். பட்டாளத்தில் சாயங்காலம் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்களாம். ஓய்வுபெற்று வந்த ஒரு சுபேதார் அந்த வழக்கத்தை அப்படியே கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. அந்த ஞாயிறன்று, படையில் இருக்கும் ஒவ்வொருவர் பேரையும் செயலர் எட்வின் சார் வாசிப்பார். அவர்களுடைய வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து "இருக்காவ" என்று பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மனைவிமார்தான் சொல்வார்கள். இறந்துபோனவர்கள் பேரையும் வாசிப்பார்கள். அதற்குச் சபை முழுவதும் எழுந்து "கர்த்தரிடத்தில் இருக்கிறார்" என்று சொல்லும். கடைசியில் பெண்கள் சங்கத்தார் பதில் சொன்ன எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சேலை கொடுப்பார்கள்.

ஷீபாவுக்கு இதுவரை அவளுடைய அம்மா, என் மாமிதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "இருக்கா!" என்று அவர்கள் போடும் சத்தம் தெருமுனை டீக்கடை வரை கேட்கும். மாமியை ஈஸ்டருக்கு முந்தின வாரம் அடக்கம் பண்ணினோம்.

வாசலில் தங்கபாய் அக்கா பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் சங்கத் தலைவி. வீட்டுக்காரர் செல்லதுரை அண்ணன் ஹவில்தார்.

"தம்பி, இந்த வருஷம் ஷீபாவுக்க பேருக்கு நீதானே எழும்பணும்?"

"அண்ணைக்கு ரப்பர் தோட்டத்துல ஒரு மோட்டார் மாட்டணும்க்கா."

"ஒனக்கு எல்லா வருஷமும் அதே ஞாயித்துக்கிழமதான் மோட்டார் மாட்ட வருது."

உண்மைதான். தண்ணீர்ப் பஞ்சம் நாள் கிழமை பார்ப்பதில்லை.

டிசம்பர் 2, சனி

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எடுக்கப் பரணில் ஏறினேன். ஷீபாவின் கறுப்பு டிரங்குப் பெட்டி கையில் தட்டுப்பட்டது. வெள்ளை பெயின்டில் அவள் பேரை எழுதியது நான்தான். "லெப்டினன்ட்" என்று எழுதியதை அடித்துவிட்டுக் "கேப்டன்" என்று எழுதக் கொடுத்துவைக்கவில்லை. அதற்குள் அவள் வேறு பெட்டியோடு போய்விட்டாள்.

அப்படியே தூசியில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணம் முடிந்து முதல் லீவுக்கு அவள் வந்த நாள். நாகர்கோவில் ஸ்டேஷனில் நான் காலையிலிருந்தே நிற்கிறேன். ரயில் வந்தது. இரவல் சட்டை மாதிரி தொளதொளவென்று இருந்த யூனிஃபார்மோடு இறங்கினாள். மாற்று உடை வைத்திருந்த பை வழியில் தொலைந்துவிட்டதாம். பக்கத்தில் நின்ற ஒரு ஜவான் அவளைப் பார்த்ததும் விறைத்து நின்று சல்யூட் வைத்தான். அவள் பதில் சல்யூட் வைத்தாள். அந்தப் பையன் கூடவே நின்ற என்னையும் பெரிய ஆள் என்று நினைத்து எனக்கும் ஒன்று வைத்தான். என் ஒரு கையில் குடை, மறு கையில் அவளுக்கு வாங்கிய, நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி. பழம்பொரியோடு சல்யூட் அடித்தேன், அது நெற்றியில் நசுங்கியது. வீடு வரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தடவை எத்தனை பழம்பொரி வேண்டுமானாலும் நசுக்கலாம்.

"அப்பா, நட்சத்திரம் எங்க?" என்று அபிஷா கீழிருந்து கத்தினாள். எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு முனை கிழிந்திருக்கிறது.

டிசம்பர் 7, வியாழன்

படைவீரர் கொடிநாள். அபிஷாவின் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தபோது உள்ளே காகிதக் கொடி, குண்டூசியோடு. சட்டையில் குத்த வேண்டியது.

கேட்டதற்கு முதலில் "மறந்துட்டேன்" என்றாள். அவள் எதையும் மறக்கிற பிள்ளை இல்லை. சோறு பிசைந்துகொண்டே இருந்தவள் தானாகச் சொன்னாள். "பட்டாளத்துல இருக்குற அப்பாமாருக்க பிள்ளைங்க மேடைக்கு வாங்கன்னு கூப்பிட்டாங்க. மூணு பேரு போனாங்க. நான் போகல்ல."

"அம்மா இருக்கான்னு சொல்லிட்டுப் போகவேண்டியதுதானே?"

"அம்மான்னு கூப்பிடல்லியே." ஒரு வாய் தின்றுவிட்டு, "அப்பா, பட்டாளத்து ஞாயித்துக்கு அம்மா பேர வாசிச்சா யாரு சொல்லுவா?"

"நீ சொல்லு மக்ளே."

"நான் பாட்டுக் குழுவுல முன்னால நிக்கணும். பெரியவங்கதான் சொல்லணும்."

மோட்டாரை ஓட விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து போனேன். முன்னறையில் எந்த மோட்டாரும் ஓடவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுத உட்கார்ந்ததால் எழுதுகிறேன். முன்பொரு வருஷம் நானும் அந்த ஞாயிறு கோயிலுக்குக் கிளம்பினேன். டீக்கடை வாசலில் ஒருவன், "பெஞ்சாதி பட்டாளத்துக்கு, மாப்ள அடுப்படிக்கு. சேலை வாங்கப் போறியாடே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை. அதற்குப் பிறகு மோட்டார் வேலை அதிகமாகிவிட்டது.

டிசம்பர் 10, ஞாயிறு

ஷீபா கூப்பிட்டாள். நாளைக்கு ஆம்புலன்ஸோடு மேலே ஒரு முகாமுக்குப் போகிறாளாம். அங்குள்ள ஜவான் பையன்களுக்குப் பரிசோதனை, குளிரில் விரல் விறைத்துக் கறுக்கும் பனிக்கடிக்கு வைத்தியம். ஒரு வாரம் ஆகும், போன் கிடைத்தால் கிடைக்கும் என்றாள்.

"அபி அப்பா, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ. வரட்டா? இருக்கட்டா?"

"ஒனக்கு எது நல்லதுன்னு படுதோ அது."

"எனக்கு ரெண்டும் நல்லதுன்னுதான் படுது. அதனாலதானே ஒங்கள்ட்ட கேக்கேன்."

"நான் சொல்லி நீ பிறகு வருத்தப்படக் கூடாதுல்லா."

"செரி, பிள்ளையப் பாத்துக்கோங்கோ" என்று வைத்துவிட்டாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 12, செவ்வாய்

மதியச் செய்தியில், அந்தப் பக்கத்து மலைப்பாதையில் பனிச்சரிவு என்றார்கள். ராணுவ வண்டிகள் சில சிக்கியிருக்கலாமாம். இருக்கலாமாம் என்றால் என்ன அர்த்தம்? ஒரு மோட்டார் எரிந்திருக்கிறதா இல்லையா என்று நான் அப்படியா சொல்கிறேன்?

அவளுடைய எண் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி எண்ணும் எடுக்கவில்லை. அபிஷா டியூஷன் விட்டு வருவதற்குள் டிவி வயரைப் பிடுங்கி, ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 13, புதன்

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

டிசம்பர் 14, வியாழன்

தங்கபாய் அக்கா ஒரு மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "சுத்தவே மாட்டேங்குது" என்று வைத்தார்கள். மாட்டிப் பார்த்தேன், நன்றாகச் சுற்றியது. அது என் முகத்தைப் பார்க்கக் கொண்டுவந்த மிக்சி.

உட்கார்ந்தார்கள். செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கருப்பட்டி போட்டு இலையில் அவித்த கொழுக்கட்டையை எடுத்து வைத்தார்கள். நான்தான் கேட்டேன், செல்லதுரை அண்ணன் கூப்பிட்டாரா என்று.

"அவ்வோ கூப்பிட்டு பத்து நாளாச்சு. எங்க இருக்காவன்னே தெரியாது. கூப்பிடல்லன்னா வேலையா இருக்காவன்னு வச்சுக்கிட வேண்டியதுதான்." பிறகு மெதுவாக, "ஞாயித்துக்கிழம வாறியா?" என்றார்கள்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எப்பிடிக்கா வர? நாலு நாளா ஒரு சத்தமும் இல்ல. எழும்பி நின்னு இருக்கான்னு எந்த வாயால சொல்ல? எனக்கென்ன தெரியும்?"

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

"நாங்க மட்டும் தெரிஞ்சா சொல்லுதோம்? ஒரு வருஷம் சண்ட நடந்திட்டிருந்தப்பம் எழும்பி நின்னேன் தம்பி. பெரியவன் வயித்துல. எல்லா வருஷமும் தெரியாமத்தான் சொல்லுவோம். ஷீபாவுக்க அம்மையும் அப்பிடித்தான் சொன்னாவ. தெரிஞ்சவங்க சொல்லணும்னா கோயில்ல ஒருத்தரும் எழும்ப முடியாது."

மிக்சியை எடுத்துக்கொண்டு போனார்கள். வாசல்வரை போய்த் திரும்பி, "கொழுக்கட்டயத் தின்னு. பிள்ளைக்கும் குடு" என்றார்கள்.

நான் அந்தப் பெண்களை எத்தனையோ வருஷமாகக் கோயிலில் முன்பெஞ்சில் பார்த்திருக்கிறேன். சேலை வாங்கப் போகிறவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

டிசம்பர் 16, சனி

ரப்பர் தோட்டத்து மேஸ்திரிக்குப் போன் செய்து, நாளைக்கு வர முடியாது என்றேன். "நாளைக்கா? நாளைக்கு என்ன வேலை? நான் ஒங்கள வரச் சொல்லவே இல்லையே" என்றார். சரியான ஆள். இதையெல்லாம் இப்படியா போட்டு உடைப்பது?

வெள்ளை வேட்டி தேய்த்தேன். மழை பிடித்துக்கொண்டது.

டிசம்பர் 17, ஞாயிறு

ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில், கதவை ஒட்டி உட்கார்ந்தேன். மழை ஓட்டின் மேல் கொட்டியதில் போதகரின் பிரசங்கம் பாதிதான் கேட்டது. அபிஷா பாட்டுக் குழுவில் முதல் வரிசை. நான் உள்ளே வந்ததைப் பார்த்தாள். உடனே பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள்.

எட்வின் சார் வாசிக்க ஆரம்பித்தார். முதலில், இறந்துபோனவர்களின் பேர்கள். சபை எழுந்து நின்றது. "கர்த்தரிடத்தில் இருக்கிறார், கர்த்தரிடத்தில் இருக்கிறார்." ஒவ்வொரு பேர் வரும்போதும் என் மனசு ஓர் அசட்டு வேலை செய்தது. அடுத்தது அவள் பேராக இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டது. எட்வின் சாருக்கு எனக்குத் தெரியாத எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

எல்லோரும் உட்கார்ந்தோம். பிறகு இருப்பவர்கள்.

"ஹவில்தார் செல்லதுரை."

"இருக்காவ." தங்கபாய் அக்கா எழுந்து சொன்னார்கள். கொழுக்கட்டை கொடுத்த அதே குரல்தான். பின்னாலிருந்து பார்த்தேன். சேலை முந்தானையை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு பெண்ணாக எழுந்தார்கள். சத்தமாகச் சொன்னவர்கள் உண்டு, உதடு மட்டும் அசைந்தவர்கள் உண்டு. போன மாதம்தான் கல்யாணமான ஒரு பெண் சொல்லி முடித்ததும் தடாலென்று உட்கார்ந்துவிட்டாள்.

"கேப்டன் மெர்லின் ஷீபா."

என் கால்கள் எழுந்துவிட்டன. அதில் எனக்குச் சந்தேகமில்லை. வாய்தான் வரவில்லை. சபை முழுவதும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறது. அன்று டீக்கடை வாசலில் கேலி செய்தவனும் பார்க்கிறான். மாமி இருந்திருந்தால் இந்நேரம் சத்தம் தெருமுனைக்குப் போயிருக்கும். அபிஷாவின் முகத்தை மறைத்திருந்த புத்தகம் மெல்லக் கீழே இறங்கியது. அதே கண். ஷீபாவின் கண்.

"இருக்கா" என்றேன். மழையில் எனக்கே கேட்கவில்லை. எட்வின் சார் காதைச் சாய்த்தார்.

"இருக்கா!"

கத்திவிட்டேன். சத்தம் மாமியையும் தாண்டிப் போயிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. எட்வின் சார் அடுத்த பேருக்குப் போனார். நான் உட்கார்ந்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தேன். மழைச் சாரல் என்று சொல்லலாம், கதவுப் பக்கம்தானே உட்கார்ந்திருந்தேன். ஆனால் அழுதேன்.

கடைசியில் சேலை கொடுத்தார்கள். பச்சையில் மஞ்சள் கரை. "தம்பி, மொத்தமா எடுத்தாச்சு, ஒனக்குன்னு வேட்டி எடுக்கல்ல" என்றார்கள் தங்கபாய் அக்கா. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற புதுப்பெண், "அண்ணே, ஒங்களுக்கு இந்தக் கலர் நல்லா இருக்கும்" என்றது. இந்த ஊரில் எல்லோருக்கும் வாய் நீளம்.

குடைக்குள் சேலையை நனையாமல் பிடித்துக்கொண்டு அபிஷா வந்தாள். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. வீட்டுப் படியில் ஏறும்போது மட்டும், "அப்பா, பாட்டுக் குழுவுல கடைசி வரிசையில நின்ன லில்லி டீச்சர் காதப் பொத்திட்டாங்க" என்றாள்.

டிசம்பர் 19, செவ்வாய்

கூப்பிட்டாள். கூப்பிட்டாள். கூப்பிட்டாள்.

பாதை மூடிக்கொண்டதால் முகாமிலேயே இருந்திருக்கிறாள். சரிவில் சிக்கிய வண்டியில் இருந்தவர்களை அங்கேதான் கொண்டுவந்தார்களாம். ஒரு பையன், தேனிப் பக்கம், விரல்கள் கறுத்துவிட்டன. கைக்குழந்தை போல அழுதானாம். "தமிழ்ல பேசுங்கக்கான்னு சொன்னான். என்னத்தப் பேச? ஒங்க கதையெல்லாம் சொன்னேன். பழம்பொரியோட சல்யூட் அடிச்சது வர சொன்னேன். அழுகைக்கு இடையில சிரிச்சான்."

அங்கே என் மானம் போன கதையைக் கேட்டுவிட்டு, இங்கே நடந்ததைச் சொன்னேன். அவள் பேரை வாசித்தது, நான் எழுந்தது.

லைன் போய்விட்டதா என்று போனைப் பார்த்தேன். "ஷீபா?"

"என்னன்னு சொன்னீங்க?"

"இருக்கான்னு."

"இன்னொருக்கா சொல்லுங்கோ."

சொன்னேன். சொன்ன வேகத்தில் மற்றதும் வந்துவிட்டது. "நீ வா. வந்துரு. ஒனக்க இஷ்டம்னு சொன்னதெல்லாம் பொய். எனக்கு நீ இங்க வேணும். அலமாரி வர அடிச்சு வச்சிருக்கேன்."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை. "இதச் சொல்ல இத்தன வருஷமா ஒங்களுக்கு?" என்றாள்.

நாளை சேலையைப் பார்சல் போட வேண்டும். அபிஷா மடிப்புக்குள் கொடிநாள் கொடியைக் குண்டூசியோடு குத்தி வைத்திருக்கிறாள். தபால் அலுவலகத்தில் குண்டூசி அனுப்ப விடுவார்களா? விடாவிட்டால் சண்டை போடுவதாக இருக்கிறேன்.

டிசம்பர் 29, வெள்ளி

நீட்டிப்புக்குச் சம்மதம் கொடுத்துவிட்டாளாம். நான்கு வருஷம்.

"நான் வான்னுதானே சொன்னேன்!" என்று கத்தினேன்.

"அதனாலதான்" என்றாள். "நான் இல்லாம நீங்க பழகிட்டீங்களோன்னு உள்ளுக்குள்ள பயம். அந்தப் பயத்துலதான் ஓடி வந்துரணும்னு நெனச்சேன். இப்ப அது இல்ல. அந்தத் தேனிப் பையனுக்கு ரெண்டு விரல் போச்சு, மத்தத காப்பாத்திட்டோம். எனக்கு இங்க வேல இருக்கு அபி அப்பா. பெப்ருவரியில லீவுல வாறேன். அபிகிட்ட குடுங்க, நானே சொல்லுதேன்."

அபிஷா போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "அம்மா வரும்போ நான் ஒன்பதாம் கிளாஸ்" என்றாள். பிறகு, "பசிக்குது" என்றாள்.

எனக்குக் கோபம்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வா என்று சொன்னேன், அதற்குக் கிடைத்தது இது. ஆனால் கோபத்தோடேயே புட்டு அவித்தேன், அது நன்றாக வந்தது.

ஜனவரி 18, வியாழன்

ஷீபாவிடமிருந்து போட்டோ வந்தது. ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் பச்சைச் சேலை. காகிதக் கொடியைத் தோளில் மூன்று நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் குத்தியிருக்கிறாள். சுற்றி நிற்கும் நர்சுகள் எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் பஸ்ஸில் சிரித்த அதே சிரிப்பு.

தங்கபாய் அக்காவிடம் காட்டினேன். செல்லதுரை அண்ணன் லீவில் வந்து வாசலில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி, பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுக் "கேப்டன்" என்று எழுதினேன். பெப்ருவரியில் போகும்போது எடுத்துப் போகட்டும்.

ரப்பர் தோட்டத்து மேஸ்திரி மோட்டாரோடு வந்தார். வருஷம் முழுவதற்கும் பராமரிப்பு வேலை தருகிறாராம். சரி என்றேன். சுவரில் புதுக் காலண்டரைத் திருப்பி, டிசம்பரில் மூன்றாம் ஞாயிறைத் தேடிச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

"இந்த ஒரு நாள் மட்டும் என்னக் கூப்பிடாதிங்க."

"ஜனவரியிலேயே டிசம்பருக்கு லீவா? அன்னைக்கு அப்பிடி என்ன வேல?"

"எனக்க வீட்டுக்காரி பட்டாளத்துல இருக்கா" என்றேன். "அவளுக்க பேருக்கு நான்தான் இருக்கான்னு சொல்லணும்."